இன்சுலேஷன் பிரிக்கைச் சோதித்து வாங்குவது எப்படி? மண்பாண்டச் சூளை கட்டுவோருக்கு முழுமையான வழிகாட்டி

இன்சுலேஷன் பிரிக் விற்பவரிடம் விசாரித்தால் ‘1,300 டிகிரி தாங்கும்’, ‘1,400 டிகிரி தாங்கும்’ என்று ஓர் எண் கிடைக்கும். அது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தச் சோதனையில், எத்தனை மணி நேரம் சுட்டு, எவ்வளவு சுருக்கத்தை அனுமதித்து அந்த எண் வந்தது என்பது விற்பவருக்கே பெரும்பாலும் தெரியாது. உங்கள் சூளையோ ஒருநாள் சூடேறி மறுநாள் ஆறி, இதையே ஆண்டுக்கணக்கில் செய்யப் போகிறது. பர்னர் சுடர் ஒரே இடத்தில் அடிக்கும். கிளேஸ் ஆவி சுவரில் படியும். விறகுச் சூளை என்றால் சாம்பலும் பறக்கும்.

சுவர் எழுந்த பிறகு பிரிக் சுருங்குவது தெரிந்தால், பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால் மொத்தச் சரக்குக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால், அதே லாட்டிலிருந்து மூன்று பிரிக்கை மட்டும் வாங்கி வந்து சோதியுங்கள். ஒரு மின்னணு எடைத் தராசு, ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு ஹாக்ஸா பிளேடு, நல்ல சூளை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். முக்கியமாகத் தேவை இவ்வளவுதான்.

முதல் படி: எத்தனை டிகிரி என்று முடிவு செய்யுங்கள்

கிராமத்துத் திறந்த சூளையில் பானை சுட்டெடுக்கும் குயவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அந்தச் சூடு பொதுவாக 1,000 டிகிரிக்குக் கீழேயே நிற்கும். (இக்கட்டுரையில் டிகிரி என்பதெல்லாம் செல்சியஸ்.) கிளேஸ் போட்ட ஸ்டோன்வேர் செய்வோருக்குத்தான் பிரிக் பிரச்சினையாகிறது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, அந்த வட்டாரத்தில் உயர்சூட்டு வேலை வேரூன்றியது. இன்று வீட்டுக் கொல்லையிலேயே சிறிய கேஸ் சூளையோ எலெக்ட்ரிக் சூளையோ கட்ட நினைப்பவர்கள் பலர்.

உங்கள் இலக்கு எது? பிஸ்க் (கிளேஸ் போடும் முன் சுடும் முதல் சூடு) மட்டும் என்றால் 1,000 டிகிரியை ஒட்டி நிற்கும். கோன் (குறித்த சூட்டில் வளையும் அளவுக் கூம்பு) 6 என்றால் சுமார் 1,220. கோன் 10 என்றால் சுமார் 1,285, வேகமாக ஏற்றினால் 1,300ஐத் தொடும். இது பாத்திரங்கள் இருக்கும் இடத்துச் சூடு. பர்னர் வாயிலும், எலெக்ட்ரிக் சூளையில் காயில் படுத்திருக்கும் பள்ளத்திலும் சூடு இதைவிட அதிகம். அதனால் இலக்கின் மேல் குறைந்தது 50 டிகிரி சேர்த்து ஒரு எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இனி எல்லாச் சோதனையும் அந்த எண்ணை வைத்துத்தான்.

இரண்டாம் படி: என்ன வகைப் பிரிக் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் மூன்று வகை இருக்கும். முதலாவது கனமான ஃபயர் பிரிக். சூட்டைத் தாங்கும், ஆனால் சூட்டைத் தானும் குடித்து வைத்துக்கொள்ளும், வெளியேயும் கடத்திவிடும். இரண்டாவது ஹாட் ஃபேஸ் இன்சுலேஷன் பிரிக். தீ நேராகப் படும் பக்கத்தில் வைக்கத் தக்கது. மூன்றாவது கோல்டு ஃபேஸ் இன்சுலேஷன் பிரிக். ஃபயர் பிரிக்குக்குப் பின்னால் வைத்து வெப்பம் தப்பாமல் காக்க மட்டும் உதவும். தீ முகத்தில் வைத்தால் சுருங்கிப் பிளந்துவிடும்.

புதிதாகத் தொடங்குபவர் ஏமாறும் இடம் இதுதான். ஹாட் ஃபேஸும் கோல்டு ஃபேஸும் கையில் எடுத்தால் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் எடை குறைவு, இரண்டிலும் நுண்துளைகள், இரண்டையும் ரம்பத்தால் அறுக்கலாம். டயட்டமைட் மண்ணில் செய்த கோல்டு ஃபேஸ் பிரிக், 23 ரக ஹாட் ஃபேஸைவிட எடை குறைவாகவும் நன்றாகக் காப்பதாகவும்கூட இருக்கலாம். ஆனால் அதை 1,200 டிகிரியில் வைத்தால் உருக்குலைந்து போகும். எடை குறைவு என்பது காப்புக்கு அடையாளம். சூடு தாங்குவதற்கு அது அடையாளமே அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் பாதிக் கிணறு தாண்டியவர்.

23, 26, 28: இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.டி.எம். சி155 இந்தப் பிரிக்குகளை எண்களால் வகைப்படுத்துகிறது. 23 என்றால் 2,300 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 1,260 செல்சியஸ். ஆனால் சோதனை நடப்பது அதற்கு 50 ஃபாரன்ஹீட் கீழே. 23 ரகம் சுமார் 1,230 செல்சியஸிலும், 26 ரகம் சுமார் 1,400லும், 28 ரகம் சுமார் 1,510லும் 24 மணி நேரம் வைக்கப்படும். வெளியே எடுத்து அளந்தால் நீளத்தில் 2 சதவீதத்துக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. ரகத்துக்கேற்ப அடர்த்திக்கும் உச்சவரம்பு உண்டு: 23க்கு கன செ.மீ.க்கு 0.77 கிராம், 26க்கு 0.86, 28க்கு 0.96.

அந்த 2 சதவீதத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். 230 மி.மீ. பிரிக் 4.6 மி.மீ. குறையலாம் என்று அனுமதி தருகிறது தரநிலை. மூன்று பிரிக் நீளமுள்ள சுவரில் இது கிட்டத்தட்ட 14 மி.மீ. சோதனையில் ‘பாஸ்’ ஆன பிரிக்கே எல்லையை ஒட்டிச் சுட்டால் இப்படிப் பிளவு காட்டலாம். எண்ணுக்கும் நம் இலக்குக்கும் இடையே நல்ல இடைவெளி வேண்டும் என்பது இதனால்தான்.

இந்தியாவில் இன்சுலேஷன் பிரிக்குக்கு ஐ.எஸ். 2042 என்ற தரநிலை இருக்கிறது. தரமான தயாரிப்பாளரிடம் கேட்டால் லாட்டுக்கு ஒரு சோதனைச் சான்றிதழ் தருவார்கள். கேட்டு வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டிய வரி ‘அதிகபட்ச வெப்பநிலை’ அன்று. ‘நிரந்தர நீள மாற்றம்’ என்ற வரி. எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரத்தில் அந்த மாற்றம் அளக்கப்பட்டது என்று அதன் அருகே எழுதியிருக்க வேண்டும். அது இல்லாத சான்றிதழ் நம் வேலைக்குப் போதாது.

மூன்றாம் படி: கண்ணும் காதும் விரலும்

மூன்று பிரிக்கையும் வெவ்வேறு கட்டுகளிலிருந்து எடுங்கள். கடைக்காரர் மேலாக எடுத்து நீட்டும் மூன்று வேண்டாம்.

விளிம்பை விரலால் தேயுங்கள். எந்த இன்சுலேஷன் பிரிக்கிலும் கொஞ்சம் தூள் வரும், நகம் பதியும். அது குறையாகாது. ஆனால் தொட்டாலே மணல்போல உதிர்ந்தால், தயாரிப்பில் போதுமான சூட்டில் சுடவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட பிரிக் தன் மீதிச் சுருக்கத்தை உங்கள் சூளையில் வந்துதான் முடிக்கும்.

ஒரு பிரிக்கை நிறுத்தி விரல் முட்டியால் தட்டினால் சிறிதாயினும் தெளிவான ஓசை கேட்க வேண்டும். செத்த ஓசை என்றால் உள்ளே விரிசல் இருக்கலாம், அல்லது ஈரம் ஏறியிருக்கலாம்.

நான்காம் படியின் எடையையும் அளவையும் எடுத்த பிறகு, ஒரு பிரிக்கைக் குறுக்கே உடைத்து முகத்தைப் பாருங்கள். துளைகள் சிறிதாக, சீராகப் பரவியிருப்பது நல்லது. மண்ணோடு கலந்த மரத்தூள் போன்றவை சுடும்போது எரிந்துபோன இடங்களே பல பிரிக்குகளில் இந்தத் துளைகள். கலவை சரியாக இல்லாவிட்டால் ஓரிடத்தில் பெரிய பொத்தலும் இன்னோரிடத்தில் கட்டியான மண்ணும் தெரியும். விரிசல் தொடங்குவது அந்தச் சந்திப்பில்தான். கறுப்பு, பழுப்புப் புள்ளிகளையும் எண்ணிப் பாருங்கள். அவை பெரும்பாலும் இரும்பு. உயர்சூட்டில் இரும்புப் புள்ளி உருகிக் குழி விழும். கூரையில் இருந்தால் கீழே உள்ள பாத்திரத்தில் சொட்டும். எலெக்ட்ரிக் சூளையில் சூடேற்றும் காயிலைத் (காந்தால் கம்பிச் சுருளை) தொட்டுக்கொண்டிருந்தால் காயிலையே அரிக்கும். புகையூட்டிச் சுடும் சூளையில் இன்னொரு கேடும் உண்டு: இரும்பு அதிகமுள்ள பிரிக்கில் கார்பன் மோனாக்சைடு புகுந்து, 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் கரியாகப் படிந்து உள்ளிருந்தே நொறுக்கும்.

நிறத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இளஞ்சிவப்பு என்றால் இரும்போ டயட்டமைட்டோ என்று சந்தேகிக்கலாம். வெள்ளையாக இருப்பதால் மட்டும் எதுவும் உறுதியாவதில்லை.

நான்காம் படி: எடையும் அடர்த்தியும்

எடை போடும் முன் பிரிக் காய்ந்திருக்க வேண்டும். இதை அலட்சியம் செய்யாதீர்கள். இந்தப் பிரிக்கின் உடலில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கூடுதலாகவே வெற்றிடம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடங்கு ஓரமாகக் கிடந்தது என்றால் அரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கும். வீட்டு ஓவனில் 110 டிகிரியில் ஓர் இரவு வைத்து எடுங்கள். இரண்டு மணி நேர இடைவெளியில் இரு முறை எடை போட்டு, இரண்டும் ஒன்றானால் காய்ந்துவிட்டது.

இப்போது நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்குங்கள். நம் ஊரில் அதிகம் கிடைக்கும் 230 × 115 × 75 மி.மீ. பிரிக்கின் கன அளவு சுமார் 1,984 கன செ.மீ. எடையை (கிராமில்) இதால் வகுத்தால் அடர்த்தி. அமெரிக்க வரம்புப்படி இந்த அளவில் 23 ரகம் அதிகபட்சம் 1.53 கிலோ, 26 ரகம் 1.71, 28 ரகம் 1.90. இதே அளவுள்ள கனமான ஃபயர் பிரிக் 4 கிலோவை ஒட்டி நிற்கும்.

உங்கள் பிரிக் 2 கிலோ இருக்கிறது என்றால் உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. சூளையைச் சூடேற்றக் கூடுதல் கேஸ் ஆகும், காப்பும் சற்றுக் குறையும். அவ்வளவே. நான் இந்தச் சோதனையில் முக்கியமாகப் பார்ப்பது வேறொன்றை: மூன்று பிரிக்கின் அடர்த்தியும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன? ஒன்று 0.80, இன்னொன்று 0.95 என்று வந்தால் தயாரிப்பில் சீர் இல்லை, அல்லது இரண்டு லாட் கலந்திருக்கிறது. சீரில்லாத பிரிக் சீரில்லாமல்தான் சுருங்கும்.

ஐந்தாம் படி: துண்டு அறுப்பது

முகமூடி இல்லாமல் இந்தப் படியைத் தொடங்காதீர்கள். பிரிக் தூளில் சிலிக்கா இருக்கிறது. ஒருமுறை உயர்சூடு பார்த்த பிரிக்கில் அது கிறிஸ்டோபலைட் என்ற வடிவத்துக்கு மாறியும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. துணி கட்டிக்கொண்டால் போதாது, என்-95 முகமூடி வேண்டும். திறந்த வெளியில், பிரிக்கை நனைத்துவிட்டு அறுங்கள். தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். கிரைண்டர் மெஷின் தேவையே இல்லை. பழைய ஹாக்ஸா பிளேடு போதும். பிளேடு மழுங்கிப்போகும் என்பதால் புதியதை வீணாக்க வேண்டாம்.

ஒவ்வொரு பிரிக்கின் முனையிலிருந்தும் 5 செ.மீ. தடிமனுக்கு ஒரு துண்டு அறுங்கள். 115 × 75 × 50 மி.மீ. அளவில் மூன்று துண்டு கிடைக்கும். மீதியைச் சுடாமல் பத்திரமாக வைத்திருங்கள், பிற்பாடு பக்கத்தில் வைத்து ஒப்பிட உதவும். செங்காவியைத் தண்ணீரில் குழைத்து, துண்டின் மேல் ‘அ’, ‘ஆ’, ‘இ’ என்று எழுதுங்கள். பென்சிலும் மார்க்கரும் சூளையில் மறைந்துவிடும், செங்காவி மறையாது.

துண்டின் 115 மி.மீ. நீளத்தை மூன்று இடங்களில் காலிப்பரால் அளந்து, அளந்த இடங்களில் சிறு கோடு போட்டு, எண்களை நோட்டில் ஏற்றுங்கள். எடையையும் எழுதுங்கள். நனைத்து அறுத்த துண்டு மறுபடியும் நன்றாகக் காயட்டும்.

ஆறாம் படி: சுட்டுப் பார்ப்பது

இதுவரை செய்ததெல்லாம் மோசமான பிரிக்கை ஒதுக்கத்தான். நல்ல பிரிக்கைக் கண்டுபிடிப்பது இந்தப் படியில்தான். ஆகவே மற்றவற்றை அவசரமாக முடித்தாலும் இதில் அவசரம் வேண்டாம்.

நோட்டில் எழுதிய எண்ணுக்கோ அதற்கு மேலேயோ சுடும் சூளை வைத்திருப்பவரை அணுகுங்கள். கோன் 6 சூளை கட்டப் போகிறவருக்கு, கோன் 10 சுடும் நண்பர் கிடைத்தால் மிகச் சிறப்பு. அவருடைய ஷெல்ஃப் பாழாகாமல் காப்பது உங்கள் பொறுப்பு. பச்சைக் களிமண்ணில் ஒரு சிறு தட்டு செய்து பிஸ்க் சுட்டு, அதில் அலுமினாத் தூள் தூவி, அதன் மேல் துண்டை வையுங்கள். உருகினாலும் தட்டோடு நின்றுவிடும். சூளை உரிமையாளரிடம் என்ன வைக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு வைப்பதுதான் மரியாதை.

துண்டின் பக்கத்திலேயே ஒரு கோன் வையுங்கள். சூளையின் பைரோமீட்டர் காட்டும் எண் அதன் தெர்மோகப்பிள் நிற்கும் இடத்துக்குரியது. துண்டு பார்த்த சூடு என்ன என்பதைக் கோன் மட்டுமே சொல்லும். வழக்கமான வேகத்திலேயே ஏற்றி, வழக்கமான நேரமே நிறுத்தி, மெதுவாக ஆறவிடுங்கள். சூளையைத் திறந்ததும் கோன் எவ்வளவு வளைந்தது என்று படம் எடுத்து வையுங்கள்.

துண்டு முழுதும் ஆறிய பிறகு அதே மூன்று இடங்களில் அளந்து, பழைய அளவிலிருந்து கழித்து, பழைய அளவால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 115.0 மி.மீ. இருந்தது 114.4 ஆனால் சுருக்கம் 0.52 சதவீதம்.

ஒரே ஒரு முறை சுட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். தரநிலை 24 மணி நேரம் வைக்கிறது. நம் சூளை உச்சத்தில் நிற்பது அரை மணியோ ஒரு மணியோதான். அதே துண்டுகளை நண்பரின் அடுத்தடுத்த சூளைகளிலும் வைத்து, ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதுங்கள். நான்கைந்து முறை ஆனதும் எண்கள் ஒரு போக்கைக் காட்டும். நீங்கள் படிக்க வேண்டியது அந்தப் போக்கை.

முதல் சூட்டில் 0.4 சுருங்கி, இரண்டாவதில் 0.1 கூடி, அதன்பின் அப்படியே நின்றுவிட்ட பிரிக் நம்பத்தக்கது. தயாரிப்பில் விட்டுப்போன கொஞ்சம் வேக்காட்டை முடித்துக்கொண்டு அமைதியாகிவிட்டது. முதலில் 0.3 மட்டுமே சுருங்கி, பிறகு ஒவ்வொரு சூட்டிலும் அதே 0.3 கூடிக்கொண்டே போகிற பிரிக் அபாயமானது. முதல் எண் சிறியதாக இருப்பதால் இதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் அதன் சுருக்கம் நிற்கப் போவதில்லை. என் அளவுகோல் இது: மொத்தச் சுருக்கம் 1 சதவீதத்துக்குள் அடங்கி, கடைசி இரு சூடுகளில் அளவு அசையாமல் இருந்தால் தீ முகத்துக்கு எடுப்பேன். 1க்கும் 2க்கும் நடுவே என்றால் பின் வரிசைக்கு. அதற்கு மேல் போனால் அந்தச் சரக்கே வேண்டாம். சில பிரிக் சுருங்காமல் சிறிது விரியும். அதுவும் ஓரளவில் நின்றுவிட்டால் சரிதான். உப்பிக்கொண்டே போனால் வேண்டாம்.

அளவோடு உருவத்தையும் பாருங்கள். விளிம்புகள் கூராக இருக்கின்றனவா? மேற்பரப்பில் கண்ணாடிப் பளபளப்பு தெரிகிறதா? தெரிந்தால் உருகத் தொடங்கிவிட்டது. நகத்தால் கீறிப் பார்த்து, சுடாமல் வைத்த மீதியோடு ஒப்பிடுங்கள். மிகவும் கடினமாகிவிட்ட பிரிக், உள்ளே துளைகள் மூடிக்கொண்டு காப்பை இழந்துவருகிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சோதனையில் துண்டு முழுவதும் எல்லாப் பக்கமும் ஒரே சூட்டில் இருக்கிறது. கட்டிய சுவரில் அப்படி இராது. தீ முகம் 1,250 டிகிரியில் சுருங்க முயலும், வெளிமுகம் 150 டிகிரியில் அசையாமல் நிற்கும். இந்த இழுபறியில்தான் முகத்திலிருந்து ஓரிரு செ.மீ. ஆழத்தில் பிளந்து பலகைபோல உரிந்து வருகிறது. நம் துண்டு அந்த இழுபறியைப் பார்க்கவில்லை. அளவுகோலை 2லேயே விடாமல் 1 சதவீதமாக நான் இறுக்கிப் பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

ஏழாம் படி: சுமையோடு சுடுவது

சும்மா நிற்கும்போது நன்றாக இருக்கும் பிரிக், மேலே பாரம் ஏறினால் உயர்சூட்டில் குழைந்து அமுங்கக்கூடும். இதற்கும் எளிய வழி இருக்கிறது. 5 × 5 செ.மீ. அடியும் 7.5 செ.மீ. உயரமும் உள்ள மூன்று கால்களை அறுத்து, முக்காலிபோல நிறுத்தி, மேலே ஒரு முழு ஃபயர் பிரிக்கைப் படுக்க வையுங்கள். நான்கு கிலோ மூன்று காலில் பிரியும்போது, ஒவ்வொரு காலிலும் சதுர செ.மீ.க்குச் சுமார் 53 கிராம் விழும். 23 ரகத்தில் கட்டிய சுவர் சுமார் 70 செ.மீ. உயர்ந்தால் அடி வரிசையில் விழும் பாரம் அது. சிறு சூளைக்கு இது போதும்.

சுட்டதும் காலின் உயரச் சுருக்கத்தைச் சுமையில்லாத துண்டின் சுருக்கத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றே என்றால் பாரம் பாதிக்கவில்லை. உயரம் அதிகம் குறைந்து நடுவே வயிறு தள்ளியிருந்தால், சுவரின் அடியிலும் வளைவுக் கூரையிலும் இதை வைக்கக் கூடாது. ஆள் இருக்கும் இடத்தில் கூரை இறங்குவது விளையாட்டில்லை.

எட்டாம் படி: சாம்பலும் கிளேஸும்

எலெக்ட்ரிக் சூளைக்காரர்கள் கிளேஸ் சோதனை மட்டும் செய்தால் போதும். ஒரு துண்டின் மேல் உங்கள் கிளேஸை வேர்க்கடலை அளவுக்கு வைத்துச் சுடுங்கள். கிளேஸ் பிரிக்கைத் தின்று குழி பறிப்பதைக் கண்டால், ஷெல்ஃபிலிருந்து வழியும் ஒரு சொட்டு தரையை என்ன செய்யும் என்று புரிந்துவிடும்.

விறகுக்காரர்கள் தாங்கள் எரிக்கப் போகும் விறகின் சாம்பலையே வைத்துப் பார்க்க வேண்டும். சவுக்கு என்றால் சவுக்குச் சாம்பல், தேங்காய் மட்டை என்றால் அதன் சாம்பல். சாம்பலில் உள்ள சுண்ணமும் பொட்டாஷும் பிரிக்கின் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடியாகி ஓடும். துளை நிறைந்த பிரிக்கில் அது ஆழமாகப் புகுந்துவிடும். அலுமினா கலந்த கில்ன் வாஷ் பூசிய துண்டு ஒன்றையும் கூடவே வையுங்கள். பூச்சு எவ்வளவு காக்கிறது என்பது தெரியும். ஆனால் ஃபயர்பாக்ஸுக்கு, அதாவது விறகு எரியும் அறைக்கு, எந்தப் பூச்சை நம்பியும் இன்சுலேஷன் பிரிக்கை நான் சொல்லமாட்டேன். அங்கே கனமான ஃபயர் பிரிக்தான்.

உப்பு, சோடாச் சூளைக்குச் சோதனையே வேண்டாம். சோடியம் ஆவி இந்தப் பிரிக்கை அரித்துவிடும் என்பது உலகெங்கும் குயவர்கள் கண்டது. இன்னொருவர் சூளையில் உப்பு வைத்துச் சோதித்தால் அவருடைய சுவரும் கெடும். அத்தகைய சூளையின் தீ முகத்துக்கு அலுமினா அதிகமுள்ள கனமான பிரிக், பின்னால் இன்சுலேஷன் பிரிக் என்பதே வழி.

கேஸ் டார்ச் சோதனை

பட்டறை டார்ச்சை வைத்து ஒரு முகத்தைச் சிவக்கச் சூடாக்கி ஆறவிடுவதை ஐந்தாறு முறை செய்தால், திடீர்ச் சூட்டுக்கு விரிசல் விடுகிறதா என்று தெரியும். பர்னர் அருகில் வைக்கப் போகும் பிரிக்குக்கு இது பயனுள்ளது. ‘டார்ச் அடித்தும் உருகவில்லை பாருங்கள்’ என்று விற்பவர் காட்டுவதை மட்டும் ஏற்காதீர்கள். திறந்த வெளியில் அந்தச் சுடர் பிரிக்கின் உடலுக்குள் 1,250 டிகிரியைக் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. ஆறாம் படிக்கு இது மாற்றாகாது.

பழைய பிரிக் மலிவாகக் கிடைத்தால்

ஆலைகளில் உலையைப் பிரிக்கும்போது வரும் பிரிக் நல்ல வாய்ப்புதான். ஏற்கெனவே பலமுறை சுடப்பட்டதால் சுருக்கம் முடிந்திருக்கலாம். ஆனால் எந்த உலையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். கண்ணாடி, அலுமினியம், உப்புக் குளியல் உலைகளின் பிரிக் உள்ளுக்குள் நஞ்சேறியிருக்கும். நம் சூளையில் சூடானதும் அது வெளிவரும். பளபளப்பான முகத்தை ஒன்றிரண்டு செ.மீ. அறுத்தெறிந்துவிட்டு, உள்பகுதியைச் சுட்டுப் பாருங்கள். பழைய உலைகளில் பிரிக்கின் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் அட்டையோ கயிறோ இருப்பதுண்டு. நார்நாராகச் சாம்பல் நிறத்தில் எது ஒட்டியிருந்தாலும் அந்தச் சரக்கைத் தொடாதீர்கள், எவ்வளவு மலிவானாலும்.

முடிவெடுப்பது: எது எங்கே?

சோதனையில் இரண்டாம் தரமாக வந்த பிரிக் வீணல்ல. தீ முகத்தில் 115 மி.மீ. தடிமனுக்கு 26 ரகம், அதன் பின்னால் 75 மி.மீ. சாதாரண இன்சுலேஷன் பிரிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 1,280 டிகிரி நீண்ட நேரம் நின்றால்கூட, இரண்டு வரிசைக்கும் நடுவில் தோராயமாக 700 டிகிரிதான் இருக்கும். 1,200இல் சுருங்கிப்போன பிரிக் அங்கே பல்லாண்டு நிற்கும். மொத்தப் பிரிக்கையும் விலை உயர்ந்ததாக வாங்கத் தேவையில்லை. விலையைத் தீ முகத்தில் போடுங்கள்.

கோன் 6 எலெக்ட்ரிக் சூளைக்கு, சோதனையில் தேறிய 23 ரகம் போதும். வெளிநாட்டில் விற்பனைக்கு வரும் எலெக்ட்ரிக் சூளைகள் பலவும் 23ஐ வைத்தே கட்டப்படுகின்றன. கேஸில் கோன் 10 என்றால் 26க்குப் போங்கள். பர்னர் வாய்க்கும் சுடர் மோதும் இடத்துக்கும் 28 ரகமோ கனமான பிரிக்கோ வேண்டும். தரை பாரம் சுமப்பதாலும் கிளேஸ் சொட்டுவதாலும், மேல் வரிசையாவது கனமான ஃபயர் பிரிக்காக இருக்கட்டும்.

தேறிய பிரிக்கின் மொத்தச் சரக்கு வந்து இறங்கும்போது லாட் எண்ணைச் சரிபாருங்கள். வேறு லாட் என்றால் அதிலிருந்து ஒரு துண்டை அறுத்து ஆறாம் படியை மறுபடி செய்த பிறகே சுவர் எழுப்புங்கள். கட்டி முடித்தபின் ‘அ’, ‘ஆ’, ‘இ’ துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். புதிய சூளையின் முதல் பத்துச் சூடுகளிலும் அவற்றைப் பர்னருக்கு அருகே ஒரு மூலையில் வைத்து, திறக்கும்போதெல்லாம் அளந்து அதே நோட்டில் எழுதி வாருங்கள். சுவரில் விரிசல் தெரிவதற்கு முன்பே அந்த எண்களில் மாற்றம் தெரிந்துவிடும். எந்த வரிசையை எப்போது மாற்ற வேண்டும் என்று திட்டமிட நேரமும் கிடைக்கும்.